மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு: பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தொடங்குவது எப்படி

தேனி மாவட்டம் கம்பத்தில் மெடிக்கல் கடையில் நிற்கிற என்னிடம் மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் நீட்டப்படுவது கத்தரித்த அட்டையின் ஒரு மூலைதான். "அண்ணே, இதே மாதிரி பத்து." அந்த மூலையில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து இருக்கும். மீதிப் பெயரும் காலாவதித் தேதியும் வேறு யாரோ வாங்கிக்கொண்டு போன துண்டில் இருக்கும். என்ன மாத்திரை என்று கேட்டால், "பிரஷர் மாத்திரைதான்."

பிரஷர் மாத்திரை என்று ஒரு மாத்திரை கிடையாது. அந்தப் பெயருக்குள் நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று ரத்தக் குழாயைத் தளர்த்தும், ஒன்று சிறுநீரைப் பிரித்து விடும். பீட்டா பிளாக்கர் என்கிற குடும்பம் இதயத்தின் வேகத்தையே பிடித்துக் குறைக்கும். மற்றக் குடும்பங்களிலும் மாத்திரையை விடக்கூடாதுதான். ஆனால் இரண்டு நாள் மறந்தால் உடம்பே சத்தம் போட்டுக் கேள்வி கேட்பது இந்தக் குடும்பத்தில் அதிகம்.

காலை ஐந்து மணிக்கே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் இறங்குகிற ஆட்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! இந்தப் பக்கம் ஒரு டாக்டர், அந்தப் பக்கம் ஒரு டாக்டர், நடுவில் செக்போஸ்ட். மாத்திரை எங்கே தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக இந்த மாத்திரையைத் தொடங்கும் அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எவ்வளவு சாப்பிடுவது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. அவர் சொன்னதைத் தவறில்லாமல் நடத்திக் காட்டுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் பெயரைப் படியுங்கள்

அட்டையின் பின்பக்கம் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் மருந்தின் சொந்தப் பெயர் சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். சிறிதாக இருப்பதைத்தான் படிக்க வேண்டும். அடெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், ப்ராப்ரானோலால், கார்வெடிலால், லாபெட்டலால். எல்லாம் 'லால்' என்று முடிகிறது, கவனித்தீர்களா? மலையாளக் கரையில் இருக்கிற நமக்கு லால் என்றதும் லாலேட்டன், அதாவது நடிகர் மோகன்லால் முகம்தான் வரும். வரட்டும், ஞாபகம் வைத்துக்கொள்ள அதுவே வசதி. லால் என்று முடிந்தால் அது இந்தக் குடும்பம்.

இரண்டு மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்ததும் உண்டு. அம்லோடிபின் என்கிற வேறு குடும்பத்துப் பிரஷர் மருந்தும் அடெனோலாலும் சேர்ந்தது நம் பக்கம் சர்வ சாதாரணம். ஆகவே பெயரை முழுக்கப் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து 'மெட்'. மெட்டோப்ரோலாலும் மெட் என்று தொடங்கும், சுகருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினும் மெட் என்று தொடங்கும். கம்பெனிகள் வைக்கிற பெயர்களும் பெரும்பாலும் அப்படித்தான். சுகரும் பிரஷரும் சேர்ந்து இருக்கிறவர், பாதி கிழிந்த அட்டையை வைத்துக்கொண்டு இதை அது என்று எடுத்துவிடுவது சுலபம். மலையில் அட்டை என்றால் காலில் ஏறுவது, உப்பு போட்டால் விழுந்துவிடும். இந்த அட்டையில் நேர்கிற தவறு அவ்வளவு லேசில் விழாது. முடிந்தால் முழு அட்டையாக வாங்குங்கள். கத்தரித்துத்தான் வாங்க வேண்டும் என்றால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று ஏதாவது ஒட்டியிருந்தால், அது நாள் முழுக்க மெதுவாகக் கரைகிற மாத்திரை என்று அர்த்தம். அதை மெல்லக்கூடாது, பொடிக்கக்கூடாது. நடுவில் கோடு இருக்கிற சிலவற்றை டாக்டர் சொன்னால் பாதியாக உடைத்து முழுங்கலாம், அவ்வளவுதான். பொடித்துச் சாப்பிட்டால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

எதற்காகக் கொடுத்தார் என்று கேளுங்கள்

இந்த மருந்தின் கதை கொஞ்சம் சுவையானது. ஜேம்ஸ் பிளாக் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1960-களில் நெஞ்சுவலிக்காரர்களுக்காக ஒரு யோசனை செய்தார். பதற்றத்தில் உடம்பு சுரக்கிற அட்ரினலின் கூடினால் இதயம் வேகமாக அடிக்கிறது. அட்ரினலின் வந்து உட்காருகிற இடத்தில் வேறொன்றை முன்கூட்டியே உட்கார வைத்துவிட்டால்? பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். அப்படி வந்தது ப்ராப்ரானோலால். அவருக்கு 1988-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அதன்பிறகு பல வருடம் பிரஷருக்கு இதுதான் முதல் மாத்திரை. இன்று அப்படி இல்லை. வேறு நோய் எதுவும் இல்லாமல் பிரஷர் மட்டும் இருக்கிறவருக்கு, குறிப்பாகப் பக்கவாதத்தைத் தடுப்பதில், மற்றக் குடும்பங்கள் மேல் என்று ஆய்வுகளில் தெரிந்தது. பிரிட்டன் 2006-இலேயே இதை முதல் வரிசையிலிருந்து இறக்கிவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி உள்ளவர், இதயம் பலவீனமானவர், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர் போன்றவர்களுக்கு இன்றும் இது அவசியமான மருந்து. ஒற்றைத் தலைவலிக்கும், தைராய்டு கூடியதால் வரும் படபடப்புக்கும், கை நடுக்கத்துக்கும்கூட இதே குடும்பத்தில் கொடுப்பார்கள்.

ஆகவே சீட்டு வாங்கும்போதே, "டாக்டர், இது பிரஷருக்கு மட்டுமா, இதயத்துக்கும் சேர்த்தா?" என்று கேளுங்கள். பதிலைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள். பிரஷருக்கு மட்டும் என்றால் வேறு மாத்திரை சரிப்படுமா என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் மேலே படித்ததை வைத்துக்கொண்டு நாளைக்குக் காலையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் மாத்திரைக்கு முன்பு டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

இளைப்பு. இதுதான் முதலில். சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லை என்றாலும் சொல்லுங்கள். ப்ராப்ரானோலால் போன்றவை மூச்சுக் குழாயையும் இறுக்கிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது. அடெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தோடு நின்றுகொள்ளும் என்றாலும் அவற்றையும் பார்த்துத்தான் தர வேண்டும். இளைப்புக்கு இழுக்கிற பம்பின் வேலையையும் இந்த மாத்திரை குறைக்கக்கூடும். ஏலக்காய் ஸ்டோரில் புகையிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்கள் இதை இருமடங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

சுகர். இது இந்த மாத்திரையின் கள்ளத்தனமான பக்கம். சுகர் இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சுகர்க்காரர்கள் அதை வைத்துத்தான் உஷாராவார்கள். பீட்டா பிளாக்கர் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மலைக் குளிரில், காரணமில்லாமல் குப்பென்று வேர்த்தால் லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், சரியாகாவிட்டால் மறுபடி குடியுங்கள். தூக்குவாளியோடு ஒரு பொட்டலம் சர்க்கரையும் போகட்டும். கடலை மிட்டாய் இதற்கு அவ்வளவாக உதவாது, மெதுவாகத்தான் ஏறும்.

கண் சொட்டு மருந்து. யாரும் சொல்லாத விஷயம் இது. கண் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலாலும் ஒரு லால்தான். கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலக்கும், நாடியைக் குறைக்கும், இளைப்பைக் கிளப்பும். சொட்டு மருந்து விடுகிறேன் என்று பிரஷர் டாக்டரிடமும், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கண் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நாடி முன்பே மெதுவாக அடிக்கிறவர், மயங்கி விழுந்த பழக்கம் உள்ளவர், கிட்னிக் கோளாறு உள்ளவர் (அடெனோலால் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்), கர்ப்பமாக இருக்கிறவர், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர் எல்லோரும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கர்ப்பக் காலத்தில் அடெனோலால் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும். அப்போது லாபெட்டலால் போல வேறு கொடுப்பார்கள்.

குளவி கொட்டினால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிற அலர்ஜி உள்ளவரும் கட்டாயம் சொல்லுங்கள். அந்த அவசரத்தில் போடுகிற ஊசி அட்ரினலின். அது உட்கார வேண்டிய இடத்தில் நாம்தான் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கிறோமே. ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது, எப்படிச் சாப்பிடுவது

சீட்டில் 1-0-0 என்றால் காலை மட்டும், 1-0-1 என்றால் காலையும் இரவும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், ஐந்து மணி ஜீப்பைப் பிடிக்கிறவருக்குக் காலை என்பது எது என்பதுதான். நாலு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், தலை சுற்றுவது மாத்திரையாலா வளைவாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்றால், இரவு சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பிரஷர் மாத்திரையைக் காலையில் சாப்பிட்டாலும் இரவில் சாப்பிட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் வித்தியாசம் இல்லை என்று 2022-இல் வெளியான பெரிய பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆகவே உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். தினமும் அதே நேரம், அது மட்டும் மாறக்கூடாது. மெட்டோப்ரோலாலையும் கார்வெடிலாலையும் சாப்பாட்டோடோ சாப்பிட்ட கையோடோ எடுப்பது நல்லது. கார்வெடிலாலை வெறும் வயிற்றில் போட்டால் எழுந்து நிற்கும்போது கிறுகிறுவென்று வரும்.

முதல் மாத்திரையை மலைக்குப் போகிற நாளில் தொடங்காதீர்கள். லீவு நாளில், வீட்டில் ஆள் இருக்கும்போது தொடங்குங்கள். படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழாமல், உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, பிறகு எழுங்கள். வண்டி ஓட்டுகிறவர் உடம்பு பழகுகிற வரை இரண்டு மூன்று நாளாவது ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருந்தால் நல்லது.

ஒரு வேளை மறந்துவிட்டால்? ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டது என்றால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

வீட்டில் கைக்குழந்தை, தவழ்கிற பிள்ளை இருந்தால் மாத்திரை டப்பா உயரத்தில் இருக்கட்டும். பெரியவருக்கு ஒரு வேளை மருந்து, சின்னப் பிள்ளைக்கு அதுவே விஷமாகலாம்.

நாடி பார்க்கப் பழகுங்கள்

மற்றப் பிரஷர் மாத்திரைக்காரர்களுக்கு மெஷின் போதும். இதற்கு நாடியும் வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விட்டுவிட்டு அடித்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள். மாத்திரை தொடங்கும் முன் 80 இருந்தது, இப்போது 62 என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். 50-க்குக் கீழே போனாலோ, 55-லேயே தலை சுற்றினாலோ அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள்.

பிரஷர் பார்ப்பதிலும் ஒன்று. ஜீப்பிலிருந்து இறங்கின சூட்டில், கட்டன் சாயா குடித்த கையோடு, பீடியை அணைத்துவிட்டு வந்து கடையில் கையை நீட்டுகிறார்கள். அந்த அளவுக்கு மதிப்பே இல்லை. அரை மணி நேரத்துக்கு டீ, பீடி, நடை எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேசாமல். இரண்டு முறை பாருங்கள். ஆஸ்பத்திரியில் 140/90, வீட்டில் என்றால் 135/85, அதைத் தாண்டித் தொடர்ந்து இருந்தால்தான் கூடுதல். தேதி, பிரஷர், நாடி மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு நீங்கள் கொடுக்கிற பெரிய உதவி அந்த நோட்டுதான்.

நிறுத்தாதீர்கள்

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இந்த மாத்திரை அட்ரினலின் உட்காரும் இடங்களை அடைத்து வைத்திருக்கிறது. உடம்பு சும்மா இருக்குமா? இடம் போதவில்லை என்று நாளடைவில் அந்த இடங்களைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் கூடிப்போன அத்தனை இடமும் ஒரே நேரத்தில் காலி. இருக்கிற அட்ரினலின் எல்லாம் பாய்ந்து வந்து உட்காரும். நாடி எகிறும், பிரஷர் முன்பைவிட மேலே போகும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அடைப்பு இருப்பதே தெரியாமல் இருக்கிறவர்கள்தானே அதிகம். ஆகவே நிறுத்த வேண்டும் என்றால் டாக்டர்தான் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

விற்கிறவனே தப்பு செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவன். புனலூரில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் என்று போனது நாலு நாளானது. மாத்திரை வீட்டு மேஜையில் இருக்கிறது. அந்த ஊரில் மெடிக்கல் ஷாப் இல்லையா, இருக்கிறது. ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்ற அலட்சியம்தான். மூன்றாம் நாள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது. அடப்பிரதமன் பாயசம் இலையில் அப்படியே இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 118. உடனே காட்டி, மாத்திரை வாங்கி, அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

அதிலிருந்து நான் பழகினது இது. அட்டையில் பத்து நாளைக்கு இருக்கும்போதே அடுத்தது வாங்கிவிடுவேன். ஐந்து மாத்திரை எப்போதும் வேறொரு இடத்தில் இருக்கும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் அங்கே ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், ஈரம் இழுத்துவிடும். பந்த், ஹர்த்தால், ஓணம் என்று ஏதாவது வரும். வேலை இல்லாத வாரத்தில் கையில் காசும் இருக்காது. அதையும் கணக்கில் வையுங்கள்.

காசு ஒரு காரணம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நீங்கள் மலைக்குப் போயிருக்கிற பகலில் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவதுதான் சிக்கல். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போய் வாங்குங்கள். மேலே கேரளத்தில் குடும்ப ஆரோக்ய கேந்திரங்கள் என்கிற அரசு சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் (ஜன் ஔஷதி) இரு பக்கமும் உண்டு. மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அதே மருந்து மலிவாகக் கிடைக்கும்.

விரதம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலை போட்டிருக்கிறேன், காலையில் எதுவும் படாது என்று மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். ஐயப்பனும் சரி, மங்கலதேவியில் இருக்கிற கண்ணகியும் சரி, மாத்திரையை வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. நேரத்தை மாற்ற வேண்டுமானால் விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். சித்ரா பௌர்ணமிக்கு அந்தக் கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடி வழியாக நடந்து ஏறுகிறவர்கள் மாத்திரை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் இந்த வருடம் குமுளி வழியாக ஜீப்பில் போய்விட்டு வாருங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது ஏற்றத்தில் இதயம் முன்போல வேகம் பிடிக்காது. கால் கனக்கும், சீக்கிரம் களைக்கும். உடம்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், சில வாரத்தில் பழகும். பழகுகிற வரை ஏலக்காய் மூட்டையோடு சரிவில் ஓட்டப்பந்தயம் வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு டாக்டர், ஒரே உடம்பு

ஒரு அக்கா தலைசுற்றலோடு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். நாடி 46. பையைத் திறந்தால் இங்கே வாங்கின அடெனோலால், மேலே வாங்கின மெட்டோப்ரோலால். "ரெண்டும் வேற வேற கலருதானே தம்பி, வேற மருந்துன்னு நெனச்சேன்" என்றார். இரண்டு டாக்டர் மேலும் தப்பில்லை, இன்னொருவர் கொடுத்தது இருவருக்கும் தெரியாது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டாக்டரை மாற்றினால் பழைய அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். பையில் இரண்டு லால் இருந்தால் சாப்பிடும் முன் கேளுங்கள்.

வெராபமில், டில்டியாசெம் என்று இரண்டு மருந்து. இவையும் இதயத்தின் வேகத்தைக் குறைக்கும். லாலோடு சேர்ந்தால் நாடி அபாயமாக இறங்கலாம். அம்லோடிபின் சேரலாம், பிரச்சினை இல்லை. குளோனிடின் என்கிற இன்னொரு பிரஷர் மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் இரண்டில் எதை நிறுத்துவது என்றாலும் டாக்டர் சொல்கிற வரிசையில்தான் நிறுத்த வேண்டும்.

முதுகு வலி, மூட்டு வலி என்று கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் பிரஷரை ஏற்றும். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுக்கிறவருக்கு வலி இல்லாமல் இருக்குமா, புரிகிறது. முதலில் பாரசிட்டமால் பாருங்கள். ஃபெனைலெஃப்ரின் கலந்த ஜலதோஷ மாத்திரையும் பிரஷரை ஏற்றும். இருமலுக்கு நல்லது என்று தினமும் சுவைக்கிற அதிமதுரமும் அப்படித்தான். கஷாயத்தில் அது இருக்கிறதா என்று வைத்தியரைக் கேளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், ஆபரேஷன் என்றாலும், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆபரேஷனுக்காக நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினாலும் நாடி குறையும், கூடவே வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வரும், வயிற்றைப் புரட்டும். எல்லாம் பிரஷர் மாத்திரையால் என்று லயத்தில் படுத்துக்கொள்ளாதீர்கள். எந்த மருந்து அடித்தோம் என்று டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழகிக்கொள்ளலாம் என்கிற தொந்தரவுகள்

கையும் காலும் சில்லென்று இருக்கும். வண்டன்மேட்டுக் குளிரில் இது கொஞ்சம் அதிகமாகவே தெரியும். உல்லன் சாக்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குத் தெளிவான கனவுகள் வரும், ப்ராப்ரானோலாலிலும் மெட்டோப்ரோலாலிலும் இது அதிகம். கம்பத்து வெயிலில் நாளெல்லாம் நின்றால் முன்பைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோகலாம். தண்ணீர் குடியுங்கள். வாந்தி, பேதி என்றால் பிரஷர் ரொம்ப இறங்கிவிடும், டாக்டரைக் கேளுங்கள்.

ஆண்கள் வாயால் சொல்லாத ஒன்று உண்டு. தாம்பத்தியத்தில் தளர்ச்சி. கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. ஒருநாள் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. மாத்திரைதான் காரணம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, பிரஷரும் சுகருமே அதைச் செய்யும். டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு வழி இருக்கிறது. நெபிவோலாலில் இந்தத் தொந்தரவு குறைவு.

உப்பைப் பற்றி நீட்ட மாட்டேன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் குறையட்டும். இதைக் குறைத்தால் மாத்திரை அளவும் ஏறாமல் இருக்க உதவும்.

மலையில் ஏதாவது ஆகிவிட்டால்

நெஞ்சை அழுத்துகிற வலி, மயக்கம், மூச்சுத் திணறல், புதிதாக வருகிற இளைப்பு, திடீரென்று கால் வீங்கி மூச்சு வாங்குவது, வாய் கோணல், ஒரு கை ஒரு கால் வராமல் போவது. இவற்றில் எதற்கும் சாயங்கால ஜீப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108 இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

மேலே ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் சொல்ல நாலு வார்த்தை தெரிந்திருந்தால் போதும். மாத்திரை என்பது அங்கே குளிக. தலைசுற்றல் தலகறக்கம். நெஞ்சுவலி நெஞ்சுவேதன. மூச்சுத் திணறல் ஸ்வாசம்முட்டல். பிரஷருக்கு அங்கேயும் பிரஷர்தான். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை ஒரு துண்டு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, தூக்குவாளிப் பையில் வையுங்கள். உங்களால் பேச முடியாத நேரத்தில் கூட வேலை செய்கிறவர் அதை எடுத்து நீட்டுவார். அந்தப் பையில் அட்டை எங்கே இருக்கிறது என்று அவரிடம் இன்றைக்கே காட்டி வையுங்கள்.